நான்காம் மேடையின் வெட்டாத தாள்கள்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவர்கள் இரண்டு பெண்கள். முடிவை எழுதக் கூடாது என்று சொன்னவர்களும் அவர்களே.

ஒருவர் கல்முனைக்குடியில் சேலைக்கடை வைத்திருக்கும் நுஸ்ஹா தாத்தா.* மற்றவர் பாண்டிருப்பில் இருக்கும் கனகாம்பிகை, ஓய்வுபெற்ற தாதி. கல்முனை பஸ் நிலையத்தை நடுவில் வைத்துப் பார்த்தால் ஒருவர் தெற்கே, ஒருவர் வடக்கே. இருவரும் பல வருடங்களாக ஒரே ஆங்கில நாவலாசிரியையைத் தேடிக்கொண்டிருந்தார்கள், ஒருவரை ஒருவர் அறியாமல். அந்த நாவலாசிரியை இறந்து நெடுங்காலமாகிறது. தன்னை இந்தக் கரையில் இரண்டு பேர் தேடுகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தால்

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. இறந்தவர்களுக்கு என்ன தெரியும் என்று எழுதுவது என் வேலையில்லை.]

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தச் சம்பவத்துக்கு முன் கொஞ்சக் காலமாக என்னால் ஒரு கதையையும் முடிக்க முடியவில்லை. தொடங்குவேன், பாதியில் நிற்கும். இந்த இரண்டு பேரும் ஒரு பின்னேரத்தில் என்னைப் பக்கத்தில் இருக்க விட்டார்கள். அதற்கான நன்றியாகவே இதை எழுதுகிறேன். நன்றியாக எழுதும் கதையில் சாமர்த்தியம் காட்டக் கூடாது என்று தீர்மானித்திருக்கிறேன். எவ்வளவு தூரம் அப்படி இருப்பேன் என்று பார்ப்போம்.

* எங்கள் ஊரில் தாத்தா என்றால் அக்கா. என் பழைய கதையொன்றைப் படித்த, கடலுக்கு அக்கரையிலிருக்கும் வாசகர் ஒருவர், "உங்கள் கதையில் தாத்தாவுக்கு எப்படிப் பிள்ளை பிறக்கிறது?" என்று கேட்டு எழுதியிருந்தார்.

2

தொடக்கங்கள்.

முதலில் எழுதியது: "கடல் அன்று அமைதியாக இருந்தது." அடித்துவிட்டேன். கடலுக்கு இந்தக் கதையில் வேலையில்லை. உப்புக் காற்றாக மட்டும் வரும்.

இரண்டாவது: "நுஸ்ஹா ஒரு வித்தியாசமான பெண்." இதை அவரிடமே வாசித்துக் காட்டினேன். "என்ன வித்தியாசம்? எனக்கென்ன கொம்பா முளைச்சிரிக்கி?" என்றார். அடித்துவிட்டேன்.

மூன்றாவது: "இரண்டாம் உலகப் போர்க்காலத்து இலண்டனில், புகை சூழ்ந்த ஒரு" – நான் இலண்டனைக் கண்டவளில்லை. புகையையும் சேர்த்து விட்டுவிட்டேன்.

ஆகவே நேராகவே சொல்கிறேன். நுஸ்ஹா தாத்தாவின் வாப்பா துணி வியாபாரி. கொழும்பிலிருந்து லொறியில் துணி வரும்போது மூட்டைகள் அசையாமலிருக்க இடையில் எதையாவது செருகி அனுப்புவார்கள். ஒருமுறை செருகப்பட்டது பழைய புத்தகங்கள் நிறைந்த ஒரு பெட்டி. பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நுஸ்ஹா அதிலிருந்து ஒரு நாவலை எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்து முடித்தார். எழுதியவர் பெயர் ஹெஸ்டர் ப்ரூம்லி. (உண்மைப் பெயர் இதுவல்ல. உண்மைப் பெயரைப் போட்டால் நாளைக்கே எல்லாரும் தேடத் தொடங்கி விலையைக் கூட்டிவிடுவார்கள் என்று தாத்தா பயப்படுகிறார். உங்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம்.)

அந்த நாவல் முதற்பதிப்பு என்பது பிற்பாடுதான் தெரிய வந்தது. ஒரு புத்தகம் முதன்முதலாக அச்சாகி வெளிவந்தபோதே வெளிவந்த பிரதி. அதன் எழுத்துப்பிழையைக்கூட அப்போது யாரும் திருத்தியிருக்க மாட்டார்கள். "புள்ள பிறந்த உடன குளிப்பாட்ட முந்தி பாக்கிற மாதிரி," என்று தாத்தா விளக்கினார். அன்றிலிருந்து ப்ரூம்லியின் மற்ற நாவல்களின் முதற்பதிப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தார். கலியாணம், பிள்ளைகள், கடை, எல்லாவற்றுக்கும் இடையில்.

3

கடற்கரை ஊரில் பழைய புத்தகம் சேர்ப்பது, உப்பு மூட்டையை மழையில் வைத்திருப்பதுபோல. காற்றிலேயே ஈரம். தாளில் மஞ்சள் புள்ளி விழும், அட்டையில் பூஞ்சணம் பிடிக்கும், பின்னால் வெள்ளிப்பூச்சி வரும். தாத்தா தன் இரும்பு அலுமாரிக்குள் சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களை அடுக்கி வைத்திருக்கிறார். கல்முனையின் சப்பாத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் அவற்றை எறியாமல் அவருக்காக எடுத்து வைப்பார்கள். எதற்கென்று ஒருவரும் கேட்பதில்லை. சேலைக்கென்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கணவர் முபாறக் நாநாவுக்கு (நாநா என்றால் அண்ணன்) ஆங்கில நாவல் வாசிக்கிற பழக்கமில்லை. ஆனால் அலுமாரியைத் திறக்க முன் கையைக் கழுவித் துடைத்துக்கொள்வார். ஒருமுறை அவரிடம் கேட்டேன்: "நாநா, இது உங்களுக்கு வீண்செலவாத் தெரியல்லயா?"

"அவ சந்தோசமா இரிக்கிறத்துக்கு நான் என்ன வாங்கிக் குடுத்தன், சொல்லுங்க பாப்பம்? அவவே வாங்கிக்கிறா. எனக்கு லேசு," என்றார்.

(இப்படிப்பட்ட கணவனைக் கதையில் வைத்தால் வாசகர் நம்பமாட்டார் என்று ஒரு நண்பர் சொன்னார். முபாறக் நாநாவிடம் அதைச் சொல்லவில்லை.)

4

எல்லாம் கிடைத்தது, ஒன்றைத் தவிர: 'நான்காம் மேடை'.

அந்த நாவலில் மேபல் என்றொரு பெண் வருகிறாள். புருசன், வீடு, மாமி, தோட்டத்து ரோசாச் செடி என்று எல்லாம் இருக்கிறது. கடைசி அத்தியாயத்துக்கு முந்திய அத்தியாயத்தில் அவள் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு புகையிரத நிலையத்தின் நான்காம் மேடையில் வந்து நிற்கிறாள். போரின்போது பதிப்பகத்தின் களஞ்சியத்தில் குண்டு விழுந்து முதற்பதிப்பில் பெரும்பகுதி எரிந்தது. போர் முடிந்து மறுபதிப்புப் போட்டபோது பதிப்பாளர் ப்ரூம்லியை வற்புறுத்திக் கடைசி அத்தியாயத்தை மாற்ற வைத்தார். வீடு திரும்பும் படைவீரர்களிடம், வீட்டைவிட்டுப் போகிற பெண்ணைப் பற்றிய கதையை எப்படி விற்பது? மறுபதிப்பில் மேபல் வண்டி ஏறவில்லை. வீட்டுக்குத் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்கிறாள்.

முதற்பதிப்பில் என்ன இருந்தது? இணையத்தில் தேடினால் கிடையாது. இலண்டனில் பெரிய நூலகமொன்றில் ஒரு பிரதி இருக்கிறதாம். போய்ப் பார்க்கலாம், விசா கிடைத்தால்.

போன வருடம் இங்கிலாந்துப் பழைய புத்தகக்காரர் ஒருவர் ஒரு பிரதியை இணையத்தில் ஏலத்துக்கு விட்டார். அதில் ஒரு விசேஷம் இருந்தது. புத்தகம் கட்டும்போது பெரிய தாளை மடித்துத் தைத்து, மடிப்பு விளிம்புகளை இயந்திரத்தால் வெட்டிவிடுவார்கள். இந்தப் பிரதியில் கடைசி மடிப்பு கத்திக்குத் தப்பிவிட்டது. கடைசி அத்தியாயத்தின் தாள்கள் மேற்பக்கம் ஒட்டியபடியே இருந்தன. அதாவது அந்தப் பிரதியின் முடிவை இத்தனை காலத்தில் ஒருவரும் வாசிக்கவில்லை. சேகரிப்பவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

நுஸ்ஹா தாத்தா கேட்டார். 'நர்ஸ் கே' என்ற பெயரில் நோர்வேயிலிருந்து இன்னொருவர் விடாமல் கூட்டிக் கேட்டார். அந்த நர்ஸ் கே ஏற்கெனவே இரண்டு தரம் தாத்தாவுக்குப் போட்டியாக வந்தவர். கம்பளிச் சட்டையும் மடியில் பூனையுமாக ஒரு வெள்ளைக்காரக் கிழவியைத் தாத்தா மனதில் உருவாக்கி, அவரை நன்றாக வெறுத்து வைத்திருந்தார். கடைசியில் தாத்தா வென்றார். என்ன விலைக்கு என்று முபாறக் நாநாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

5

பார்சல் வந்த அன்று நான் கடையில் இருந்தேன். உறவுக்காரர் கலியாணத்துக்குச் சேலை எடுக்கப் போயிருந்தேன்.

தாத்தா பிஸ்மி சொல்லிப் பிரித்தார். உள்ளே இருந்தது ப்ரூம்லியின் வேறொரு நாவல். மேலட்டைத் தாள் இல்லாத, முதுகு வெளுத்த பிரதி. தாத்தாவிடம் அதைவிட நல்லது முன்பே இருக்கிறது.

தாத்தா உட்கார்ந்துவிட்டார். முகம் எப்படி இருந்ததென்றால்

[இந்த இடத்தில் ஓர் உவமை வைத்திருந்தேன். நன்றாகவே இருந்தது. முகம் அப்படி இருக்கவில்லை. வெறுமனே வெளிறிப்போயிருந்தது.]

"ஆருக்கோ மாறிப் போயித்து புள்ள. இனி வராது," என்றார். முபாறக் நாநா தண்ணீர் கொண்டுவந்தார். புத்தகக்காரருக்கு மின்னஞ்சல் போட்டோம். உலகத்தில் எங்கோ ஒருவர் அந்தத் தாள்களைச் சமையல்கட்டுக் கத்தியால் கிழித்துக்கொண்டிருப்பார் என்று தாத்தா சொல்லிக்கொண்டே இருந்தார். நான் சேலை எடுக்காமல் வந்துவிட்டேன். அடுத்த நாளும் போனேன்; சேலைக்கு என்று சொல்லிக்கொண்டு.

6

இனி வருகிறவரைத்தான் எழுத முடியாமல் வெகுநாள் நின்றேன்.

நடந்தது இதுதான். புத்தகக்காரர் கல்முனைக்கு அனுப்பவேண்டிய இரண்டு பார்சல்களில் விலாசங்களை மாற்றி ஒட்டிவிட்டார். 'நான்காம் மேடை' போன இடம் பாண்டிருப்பு. நர்ஸ் கே என்பவர் கனகாம்பிகை. நோர்வேயில் இருப்பது அவருடைய மகள் கஜேந்தினி. அம்மாவுக்காக அங்கிருந்து ஏலம் கேட்டவர் அவர். ஏலத்தில் தோற்ற பிறகு, அம்மாவின் மனம் ஆறட்டும் என்று அதே கடைக்காரரிடம் சின்னதாக வேறொரு புத்தகம் வாங்கி அனுப்பினார். கனகாம்பிகை பார்சலைப் பிரித்தபோது கையில் வந்தது தோற்றுப்போன புத்தகம். கூடவே, உள்ளே தாத்தாவின் பெயரும் கல்முனைக்குடி விலாசமும் எழுதிய துண்டுச்சீட்டு. தாத்தாவுக்கு வந்த பார்சலில் அப்படிச் சீட்டு ஒன்றும் இருக்கவில்லை.

ஒரு முழு நாள் புத்தகம் அவரிடம் இருந்தது. வெட்டாத தாள்கள் வெட்டாமலே இருந்தன.

இதை நான் நம்பவில்லை. என் முதல் பிரதியில் இப்படி எழுதினேன்: "கனகாம்பிகை கதவைச் சாத்திக்கொண்டு கத்தியை எடுத்தார்." பிறகு அதை அடித்துவிட்டு: "கத்தியை எடுத்து, கீழே வைத்து, மீண்டும் எடுத்து". அதையும் அடித்துவிட்டேன். பிறகு பாண்டிருப்புக்குப் போய் அவரிடமே கேட்டேன்.

"ஏன் வெட்டல்ல, மிஸ்ஸி?"* 

"என்ட புத்தகம் இல்லையே."

"ஒரு நாள் முழுக்கக் கையில வச்சிருந்தீங்களே?"

"பிள்ள, ஆஸ்பத்திரி வாட்டில மற்ற ஆக்கள்ட குழந்தையள எத்தினய தூக்கி வச்சிருந்திருப்பன். தூக்கினா என்ட பிள்ளையா?"

இதற்கு மேல் அந்தப் பாத்திரத்தைச் சந்தேகிக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார், குரலைத் தாழ்த்தி, சிரித்துக்கொண்டு:

"எட்டிப் பார்த்தன். பொய் சொல்லக் கூடாது. பேனா டோச் இருக்கு, நோயாளிகள்ட தொண்டை பார்க்கிறது. தாளை மெல்லமா வளைச்சு, கீழ்ப்பக்கத்தால வெளிச்சம் அடிச்சுப் பார்த்தன். 'மழை' எண்டு ஒரு சொல். 'கையுறை' எண்டு ஒரு சொல். அவ்வளவுதான் தெரிஞ்சிது. கழுத்துத்தான் பிடிச்சுப்போட்டுது."

* எங்கள் ஆஸ்பத்திரிகளில் தாதிமாரை எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வுபெற்றாலும் அந்தப் பெயர் போகாது.

7

நான் சேலைக்கென்று மறுபடி போயிருந்த அந்த இரண்டாம் நாள், மதிய லுஹர் தொழுகை முடிந்து கடை திறந்த கையோடு, வாசலில் ஓர் ஓட்டோ வந்து நின்றது. வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மா இறங்கினார். நெஞ்சோடு ஒரு பார்சல்.

"நுஸ்ஹா எண்டிறது ஆர்?"

"நான்தான். சேலை பாக்க வந்தீங்களா?"

"இல்ல. உங்கட சாமான் எனக்கு வந்திட்டு. என்ட சாமான் உங்களுக்கு வந்திருக்கும்."

தாத்தா பார்சலை வாங்கவில்லை. அம்மாவின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கடையில் சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள், ஏதோ சொந்தக்காரர் ஹஜ்ஜுக்குப் போய் வந்திருக்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு அம்மாவின் நெற்றிப் பொட்டைக் கண்டு குழம்பியிருக்க வேண்டும்.

மேல்மாடி அறைக்குப் போனோம். முபாறக் நாநா தேத்தண்ணியும் தொதல் இனிப்பும் அனுப்பினார். நோர்வேக் கிழவியின் கதையைத் தாத்தா சொல்ல, கனகாம்பிகை பூனையைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ப்ரூம்லியைப் பற்றி இரண்டு பேரும் கதைக்கத் தொடங்கினார்கள். ஒருவர் வசனத்தை மற்றவர் முடித்தார். அவரவர் வீடுகளில் இத்தனை காலமும் ஒருவரும் கேட்காத கதை அல்லவா. "முந்தி சேர்த்த புத்தகங்கள் இப்ப இல்ல, தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில போச்சு," என்றார் கனகாம்பிகை. "எங்கட வாப்பாட கடையும் தொண்ணூறிலதான்," என்றார் தாத்தா. இரண்டு பேரும் கொஞ்சம் தேத்தண்ணி குடித்தார்கள். அதற்கு மேல் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. நானும் எழுதவில்லை.

பிறகு தாத்தா கேட்டார்: "நீங்க இந்தப் புத்தகத்தைத்தான் ஏன் இப்படித் தேடினீங்க, மிஸ்ஸி?"

கனகாம்பிகை சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"தெற்கால, கோமாரி எண்டிற ஊரில கலியாணம் கட்டினன். அந்தாள் அடிக்கல்ல, குடிக்கல்ல. வேலையை விடு எண்டார். வாசிக்காத எண்டார். சிரிக்கேக்க வாயப் பொத்து எண்டார். எனக்கு அந்த வீட்டில மூச்சு விட ஏலாமப் போயிட்டு. தாதிமார் விடுதியில ஆரோ விட்டுப்போன இந்தக் கதை எனக்கிட்ட இருந்திச்சு. கடைசித் தாள்கள் இல்ல. ஆரோ கிழிச்சிருந்தாங்க. மேபல் பெட்டியோட மேடையில நிக்கிறா, அதோட சரி. நான் அதைத் திரும்பத் திரும்ப வாசிப்பன். ஒரு நாள் காலம்புற, கஜேந்தினியை இடுப்பில வச்சுக்கொண்டு, ஒரு பையோட பஸ் ஏறி இஞ்ச வந்திட்டன்."

"அல்லாஹ்," என்றார் தாத்தா.

"வந்து கன காலத்துக்குப் பிறகு முழுப் புத்தகம் ஒண்டு கிடைச்சிது. அதில அவ திரும்பிப் போறா. மன்னிப்புக் கேக்கிறா. அண்டைக்கு எனக்குச் சோறு இறங்கல்ல, தங்கச்சி. ஊரெல்லாம் 'திரும்பிப் போ, திரும்பிப் போ' எண்டு சொல்லேக்க, இவ ஒருத்தி என்ட பக்கம் நிக்கிறா எண்டு நினைச்சிருந்தன். பிறகுதான் மகள் தேடிச் சொன்னா, முதல் எழுதின முடிவு வேற எண்டு."

8

இந்த இடத்தில் நுஸ்ஹா தாத்தாவின் மனதுக்குள் புகுந்து எழுத ஆசையாக இருக்கிறது. எழுதமாட்டேன். கண்டதை மட்டும் சொல்கிறேன்.

தாத்தா புத்தகத்தை மடியில் வைத்து, ஒட்டியிருந்த கடைசித் தாள்களின் மேல்விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். வெகுநேரம். வெட்டினால் அது வெட்டிய புத்தகம். சேகரிப்பவர்கள் மத்தியில் அதன் பெருமை அத்தோடு முடிந்தது. திரும்ப ஒட்ட முடியாது.

கனகாம்பிகைக்கு அது விளங்கிவிட்டது. "வேணாம் தங்கச்சி. நான் கேக்க வரல்ல. சாமானைத் தரத்தான் வந்தன்," என்று எழுந்தார்.

"இரிங்க மிஸ்ஸி."

"உங்கட பொருள்ட மதிப்புப் போயிரும்."

"ஆரும் வாசிக்காத முடிவு எண்டுதான் நானும் ஆசப்பட்டு வாங்கினன்," என்றார் தாத்தா. "ஆரும் வாசிக்காம வைக்கிறத்துக்கா அந்த மனிசி எழுதினா?"

தாத்தாவின் மேசையில் மழுங்கிய எலும்புக் கத்தி ஒன்று இருக்கிறது. தாள் வெட்டக் கூர்மையான கத்தி ஆகாது, வழுக்கிக் கிழித்துவிடும். சத்தம் கேட்டு மேலே வந்த முபாறக் நாநா, "சேல வெட்டுற கத்தரி தரட்டா?" என்று கேட்டு, இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்த பார்வையில் இறங்கிப் போய்விட்டார்.

தாத்தா கத்தியை எடுத்தார். மடிப்பில் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்தார். கனகாம்பிகையிடம் நீட்டினார்.

"நீங்க வெட்டுங்க. உங்கட கை நடுங்காது."

வாழ்நாளெல்லாம் ஊசி போட்ட கை அது, நடுங்கவில்லை. கத்தியை மடிப்புக்குள் நுழைத்து, ஒரே சீராக வெளியே இழுத்தார். தாள் பிரியும் சத்தம், தறியில் நூல் அறுவதுபோல

[இல்லை. தாள் பிரியும் சத்தம்போலத்தான் கேட்டது.]

ஒவ்வொரு மடிப்பாக வெட்டி முடித்துப் புத்தகத்தைத் தாத்தாவிடம் கொடுத்தார். தாத்தா உரக்க வாசிக்கத் தொடங்கினார். கடைசிப் பக்கத்துக்குச் சற்று முன் பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. தாத்தா புத்தகத்தைக் கனகாம்பிகையின் மடியில் வைத்துவிட்டுத் தொழப் போனார்.

"வாசிங்களன் மிஸ்ஸி," என்றேன் நான், பொறுக்க முடியாமல்.

அவர் புத்தகத்தை மூடி, இடையில் ஒரு விரலை வைத்துக்கொண்டு இருந்தார். "அவ வரட்டும்," என்றார்.

தாத்தா வந்தார். வாசித்து முடித்தார்.

கனகாம்பிகை புத்தகத்தை வாங்கி, வெட்டிய விளிம்பை நீவிவிட்டார். பிறகு சொன்னார்: "அவட முடிவு அவவுக்கு. என்ட முடிவு எனக்கு."

பிறகு, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே: "அந்த விடுதியில அந்தத் தாளக் கிழிச்சது ஆரோ, அவங்க எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும். முடிவு இருந்திருந்தா நான் அதைப் பார்த்துத்தான் நடந்திருப்பன். இல்லாதபடியா என்ட காலால நடந்தன்."

தாத்தா அழுதுகொண்டிருந்தார். கனகாம்பிகை அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

9

புத்தகக்காரர் விலாசம் மாறிப்போனதற்கு நீண்ட மன்னிப்புக் கடிதம் அனுப்பியிருந்தார். தாத்தா எனக்குக் காட்டிய பதில் ஒரே வரி: "மன்னிப்பு வேண்டாம், உங்களுக்கு மிக்க நன்றி." அவர் இதைப் படித்து என்ன நினைத்தாரோ.

இப்போது இரண்டு பேரும் கிழமைக்கொரு பின்னேரம் அந்த மேல்மாடியில் சந்திக்கிறார்கள். சில நாள் பாண்டிருப்பில். நானும் சில நாள் போவேன். வாசிப்பதைவிடச் சண்டைதான் கூட.

இனி முடிவு. என்னிடம் மூன்று இருந்தன.

ஒன்று: மேபல் வண்டி ஏறுகிறாள், கனகாம்பிகை கண்ணீரோடு சிரிக்கிறார். இதை எழுதினால் நீங்கள் என்னைப் பாராட்டுவீர்கள்.

இரண்டு: முதற்பதிப்பிலும் மேபல் திரும்பித்தான் போகிறாள், மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. இதை எழுதினால் விமர்சகர்கள் பாராட்டுவார்கள்.

மூன்று: மேபல் இன்னும் மேடையிலேயே நிற்கிறாள், வண்டி வருகிறது

இந்த மூன்றில் ஒன்று உண்மையாகவும் இருக்கலாம். மூன்றுமே பொய்யாகவும் இருக்கலாம். எழுதியதை இருவருக்கும் வாசித்துக் காட்டியபோது, கனகாம்பிகை பேனையை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தார்.

"அதை எழுதாத பிள்ள. ஆருக்காவது அது தேவைப்படும். முடிவு தெரியாம இருக்கிறது."

"தெரியத்தான் வேணும் எண்டு நிக்கிறவங்க?" என்று கேட்டேன்.

தாத்தா பதில் சொன்னார்: "இஞ்ச வரட்டும்."

ஆகவே வாசகரே, நீங்கள் எந்தப் பக்கம் என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் ஏறி இருந்துகொண்டு இதை வாசிக்கிறவராக இருந்தால், மடியில் ஒரு பையும் இருந்தால், இங்கேயே நிறுத்திவிடுங்கள். உங்களுக்கு என் ஸலாம். மற்றவர்கள் கல்முனையில் இறங்கி, நுஸ்ஹா தாத்தாவின் சேலைக்கடை எது என்று கேளுங்கள், யாரும் காட்டுவார்கள். கையைக் கழுவிக்கொண்டு மேலே போங்கள். வெட்டின புத்தகம்தான். பயப்படாமல் விரிக்கலாம்.